374 குதிரை... ஒரே ஒரு டிரைவர்!

செங்கல்பட்டு லோக்கல் ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்குப் பரனூர் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்தது. ரயில் நின்றதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு கூட்டம் தபதபவென்று இறங்கி ஓடும். எல்லாம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு. அந்த வளாகத்துக்குள்ளேதான் பி.எம்.டபிள்யூ. கார் ஆலையும் இருக்கிறது.

2007 மார்ச் 29-ம் தேதி திறந்தார்கள். அங்கே முதலில் உருவான கார் '3 சீரிஸ்'. பிறகு 2021 மார்ச்சில் அதே குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை ஒன்று அங்கிருந்து வெளியே வந்தது. பெயர்: எம்340ஐ. பி.எம்.டபிள்யூ.வின் 'எம்' என்கிற வேகப் பிரிவின் முத்திரையோடு இந்தியாவிலேயே பூட்டப்பட்ட முதல் கார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. 'ஓம் நமசிவாய' என்று நிதானமாக இரண்டு தரம் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

நம்மில் எத்தனை பேர் வாங்கப்போகிறோம்? விடுங்கள். ஐஸ்வர்யா ராய் படத்துக்குப் போகிறவரெல்லாம் கல்யாணம் பண்ணிக்கொள்கிற உத்தேசத்திலா போகிறார்? தெரிந்துகொள்வதற்குக் காசு இல்லை. அதோடு, இந்த ஒரு காரைச் சரியாகப் புரிந்துகொண்டால், நாளைக்கு நீங்கள் எந்தக் கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் ஸேல்ஸ்மேன் உங்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்.

டிக்கி வைத்த பந்தயக் கார்

ஸ்போர்ட் செடான் என்றால் என்ன? செடான் என்பது நமக்குத் தெரிந்ததுதான். நாலு கதவு, பின்னால் தனியாக டிக்கி, ஐந்து பேர், குடும்ப சமேதரராகத் திருப்பதி போய் வரலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது நேர் எதிர். இரண்டே ஸீட், தரையோடு தரையாக இருக்கும், இறங்குவதற்குள் வேட்டி அவிழ்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தால் பிறப்பது ஸ்போர்ட் செடான். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அப்பாவுக்கு இருபது வயதைத் திருப்பிக் கொடுக்கும்.

இந்தக் கல்யாணம் நடந்த கதை சுவாரஸ்யமானது. 1959-ல் பி.எம்.டபிள்யூ. கிட்டத்தட்ட திவால். பரம வைரியான மெர்சிடிஸ் கம்பெனியிடமே விற்றுவிடலாம் என்று டிசம்பர் 9-ம் தேதி பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் பங்குதாரர் கூட்டம் என்றால் ஸ்வீட், காரம், காபியோடு முடிந்துவிடும். அங்கே சில்லறைப் பங்குதாரர்களும் டீலர்களும் எழுந்து நின்று சண்டை போட்டு விற்பனையைத் தடுத்துவிட்டார்கள். ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் துணிந்து பணம் போட்டார். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சில்லறைப் பங்குதாரருக்குக் கோயில் கட்டலாம்.

அதற்குப் பிறகு வந்த சின்னச் சின்ன செடான்கள் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. இதில் ஒரு வேடிக்கை. ஹெல்முட் வெர்னர் போன்ஷ், அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹௌஸன் என்று அங்கே இரண்டு பெரிய அதிகாரிகள். இருவரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், தங்கள் சொந்த உபயோகத்துக்காக 1600 என்ற சின்னக் காரில் பெரிய 2 லிட்டர் என்ஜினைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கார்களும் ஒரே சமயத்தில் பட்டறைக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. 'நமக்கே பிடித்திருக்கிறதே, ஊரார் வாங்கமாட்டார்களா?' என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் இறக்குமதி செய்த மேக்ஸ் ஹாஃப்மேனும் இன்னும் வேகமான கார் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். 1968-ல் '2002' என்ற மாடல் வந்தது. சுமார் ஒரு டன் எடை, 100 குதிரை சக்தி. அதன் வாரிசாக 1975-ல் பிறந்ததுதான் 3 சீரிஸ். 2018-ல் பாரீஸில் காட்டிய ஏழாவது தலைமுறையைச் சேர்ந்தது நம்ம எம்340ஐ.

ஆக, இது விளம்பர டிபார்ட்மென்ட் உட்கார்ந்து யோசித்த கார் இல்லை. ஓட்டுகிற ஆசை உள்ள இரண்டு ஆபீஸ்காரர்கள் செய்த வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பத்து மாருதி 800

என்ஜின் 2,998 சி.சி. ஆறு சிலிண்டர், ஒரே வரிசையில். டர்போ உண்டு. 2022 டிசம்பரில் வந்த திருத்திய மாடலின் சக்தி 374 குதிரை. நம் மாருதி 800-க்கு சுமார் 37. அதாவது பத்து மாருதியைக் கயிறு போட்டுக் கட்டி ஒரே பானெட்டுக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? அப்படி!

இங்கேதான் விளம்பரம் நம்மை ஏமாற்றுகிற முதல் இடம். குதிரை சக்தியை மட்டும் பார்த்து வாயைப் பிளக்கக்கூடாது. அந்தக் குதிரைகள் எவ்வளவு எடையை இழுக்கின்றன என்று பார்க்க வேண்டும். கம்பெனி லாபத்தை மட்டும் பார்த்தால் போதுமா, போட்ட முதலோடு ஒப்பிட வேண்டாமா? அதே கணக்குதான். மாருதி 800 சுமார் 650 கிலோ. எம்340ஐ சுமார் 1,750 கிலோ. ஒரு டன்னுக்கு மாருதியில் 57 குதிரை, இதில் 214. பத்து மடங்கு என்று நினைத்தது நாலு மடங்குக்கும் கொஞ்சம் கீழே வந்துவிட்டது பார்த்தீர்களா? அப்படியும் நாலு மடங்கு சும்மா இல்லை.

இன்னொரு விஷயம். 2021-ல் முதலில் வந்தபோது இந்தக் காருக்கு 387 குதிரை என்று அறிவித்தார்கள். 2022-ல் அது 374 ஆகிவிட்டது. பதிமூன்று குதிரைகள் லாயத்தை விட்டு ஓடிப்போய்விட்டன. ஆனால் 100-ஐத் தொடும் நேரம்? அப்போதும் 4.4, இப்போதும் 4.4 விநாடிதான். 'டார்க்' என்கிற இழுவிசையும் மாறவில்லை. 500 நியூட்டன் மீட்டர் அப்படியே இருந்தது.

இந்த டார்க் என்ன பூதம்? கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பில் எவ்வளவு பாரம் தூக்குகிறீர்கள் என்பது டார்க். ஒரு நிமிஷத்தில் மொத்தம் எத்தனை வாளி இறைத்தீர்கள் என்பது குதிரை சக்தி. சில என்ஜின்கள் நன்றாகச் சூடேறிக் கத்தினால்தான் முழு பாரத்தைத் தூக்கும். இதுவோ நிமிஷத்துக்கு 1,900 சுற்றிலேயே முழு 500-ஐயும் கையில் கொடுத்துவிடுகிறது. 5,000 சுற்று வரை குறைப்பதில்லை. லாரியை ஓவர்டேக் பண்ணும்போது உங்களுக்கு வேண்டியது இதுதான். கியரை மாற்றி, கியரை மாற்றி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. எட்டு கியர் ஆட்டோமேடிக். அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஆறு சிலிண்டரை வரிசையில் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன் மூன்று பிஸ்டன்களும் பின் மூன்று பிஸ்டன்களும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒன்றுக்கொன்று பிம்பமாக ஏறி இறங்கும். ஒன்று உதைக்கிற உதையை இன்னொன்று சமன் செய்துவிடும். நாலு சிலிண்டரில் இந்த வசதி முழுசாகக் கிடையாது. அதனால்தான் இந்த என்ஜின் சும்மா நிற்கும்போது பானெட் மேல் ஃபில்டர் காபி டம்ளரை வைத்தால்கூட நுரை கலையாது என்கிறார்கள் ரசிகர்கள். (வைத்துப் பார்க்காதீர்கள். பெயின்ட் விலை தெரியாது உங்களுக்கு.)

முதுகில் 42 கிலோ

நண்பர் ஒருவரின் மச்சான் தயவில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து போகிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் பத்து நிமிஷம் ஏமாற்றம். எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. டிராஃபிக்கில் சாதுவாக நகர்ந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிக்கவே செய்தார்.

பிறகு காலி ரோடு வந்தது. மச்சான், "பிடிச்சுக்குங்க ஸார்" என்றார். மிதித்தார். மடியில் இருந்த செல்போன் வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது. வயிறு முதுகில் ஒட்டிக்கொண்டது. 'போதும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் அவரே காலை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.4 விநாடியில் 100 கிலோமீட்டர் என்றால், புவியீர்ப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு விசை உங்கள் மேல் பின்பக்கமாக அழுத்துகிறது. நீங்கள் 65 கிலோ என்றால் சுமார் 42 கிலோ. பத்தாவது படிக்கிற ஒரு பையன் திடீரென்று உங்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி!

ஆனால் அன்றைக்கு என்னை நிஜமாக அசத்தியது அந்தப் பாய்ச்சல் இல்லை. அதற்கு அடுத்து வந்த வளைவு. மச்சான் லேசாக பிரேக்கைத் தொட்டார், ஸ்டீயரிங்கைத் திருப்பினார், கார் திரும்பியது. அவ்வளவுதான். சாயவில்லை, குலுங்கவில்லை, டயர் கிறீச்சிடவில்லை. ஸ்போர்ட் என்பதற்கு முழு அர்த்தமே அங்கேதான் இருக்கிறது.

நாலு உள்ளங்கை

எவ்வளவு பெரிய காரானாலும் ரோட்டைத் தொடுவது நாலு டயரின் அடிப்பாகம் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. 1,750 கிலோ கார், அதற்குள் நீங்கள், உங்கள் சம்சாரம், குழந்தை, எல்லாரும் அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் போகிறீர்கள். ஒரு நல்ல ஸ்போர்ட் செடானின் பாகங்கள் அத்தனையும் இந்த நாலு உள்ளங்கையை ரோட்டோடு அழுத்திப் பிடித்து வைக்கத்தான் பாடுபடுகின்றன.

எடையை முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். 'எக்ஸ்-டிரைவ்' என்ற ஏற்பாடு நாலு சக்கரத்துக்கும் சக்தி அனுப்புகிறது. பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் சலுகை. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்குக் குறைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டுகிறது. பின் அச்சில் மின்னணு முறையில் பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உள்சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு சக்தி என்பதைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கூட்டுக் குடும்பத்தில் பாட்டி பட்சணம் பிரித்துக் கொடுப்பாரே, அந்த நியாயம்.

பிரேக்கும் சாதாரண 3 சீரிஸைவிடப் பெரியது. இதைத்தான் நான் முதலில் கேட்பேன். வேகமாகப் போகிற காரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெரிய என்ஜினை வைத்தால் போயிற்று. வேகமாக நிற்கிற காரைச் செய்வதுதான் வித்தை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். நல்ல டயர், காய்ந்த ரோடு, அருமையான பிரேக் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு மாடு குறுக்கிடுகிறது. அதைப் பார்த்து உங்கள் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 17 மீட்டர் போயிருப்பீர்கள். பிறகு நிற்க சுமார் 14 மீட்டர். மொத்தம் 31.

100-ல் போனால் 28 மீட்டரும் 39 மீட்டரும். மொத்தம் 67.

140-ல் போனால் 39-ம் 77-ம். மொத்தம் 116 மீட்டர்!

கவனித்தீர்களா? 100-லிருந்து 140 என்பது நாற்பது சதவீத உயர்வுதான். பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கம் கந்துவட்டி மாதிரி. கொஞ்சம்தானே வாங்கினோம் என்று நினைப்போம். திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியும். இந்த விதிக்கு மாருதியும் ஒன்று, பி.எம்.டபிள்யூ.வும் ஒன்று. ஜெர்மன்காரன் நியூட்டனுக்கு விதிவிலக்கு வாங்கி வரவில்லை.

நல்ல காரில் இருக்கிற ஒரே ஆபத்தும் இதுதான். பழைய காரில் 90-ஐத் தாண்டினாலே டாஷ்போர்டு ஆடும், கதவு முனகும், கண்ணாடி கடகடக்கும். கார் உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்தக் காரில் 120 என்பது 60 மாதிரி இருக்கும். முனகல் இல்லை. அதனால் பயமும் இல்லை. ஆனால் மாட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கிற மீட்டர்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கையை ஆட்டினால் பாட்டு

வசதிகளுக்கு வருவோம். 2021 மாடலில் கை அசைவைப் புரிந்துகொள்கிற ஒரு கேமரா இருந்தது. விரலைக் காற்றில் சுற்றினால் பாட்டுச் சத்தம் கூடும், குறையும். ஜெர்மனியில் சரி. அங்கே கையைக் கட்டிக்கொண்டு பேசுவார்கள். கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத நம் ஊரில், மாமனார் நில விவகாரத்தை விவரிக்க ஆரம்பித்தால் காருக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வசதிக்குத்தான் நான் அடிமை. ரிவர்ஸ் உதவி. கடைசியாக நீங்கள் முன்னோக்கி வந்த 50 மீட்டர் பாதையைக் கார் ஞாபகம் வைத்துக்கொள்ளும். திரும்பிப் போக வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஸ்டீயரிங்கைத் தானே திருப்பி, வந்த வழியே பின்னால் போகும். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும் உங்கள் பொறுப்பு. திருவல்லிக்கேணி சந்துக்குள் நுழைந்து எதிரே தண்ணீர் லாரியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 2022-ல் டாஷ்போர்டில் வளைந்த பெரிய திரையும் வந்தது.

டிக்கி 480 லிட்டர். இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு பை, ஊறுகாய் ஜாடி தாராளமாகப் போகும். தரைக்கும் காரின் வயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. நம் தெருக்களில் ஆளுக்கொரு உயரத்தில் கட்டி வைத்திருக்கிற ஸ்பீடு பிரேக்கர்களை மனதில் கொண்டு இந்தத் தகவலை ஒருமுறைக்கு இரண்டுமுறை படிக்கவும்.

பின் ஸீட்டில் இரண்டு பேர் சௌகரியம். மூன்றாவது ஆள் நடுவில் உட்கார்ந்தால், என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டை மூடிய மேட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டும்.

பின் ஸீட்டா, முன் ஸீட்டா?

நம் நாட்டில் விலையுயர்ந்த கார் என்றாலே முதலாளி பின்னால், டிரைவர் முன்னால். அது பி.எம்.டபிள்யூ.காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2021 ஜனவரியில், எம்340ஐ வருவதற்கு இரண்டு மாசம் முன்னால், 'கிரான் லிமஸின்' என்ற பெயரில் 3 சீரிஸையே 11 சென்டிமீட்டர் நீட்டி இந்தியாவில் இறக்கினார்கள். அந்த நீட்டல் பின் ஸீட்காரரின் சௌகரியத்துக்காகத்தான்.

எம்340ஐயை நீட்டவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,851 மில்லிமீட்டர். அசல் அளவு. நீட்டினால் வளைவில் அந்தச் சுறுசுறுப்பு போய்விடும். அதாவது, ஒரே ஆலையில் ஒன்று உட்காருகிறவருக்காக, ஒன்று ஓட்டுகிறவருக்காக. அறுபதுகளில் அந்த இரண்டு அதிகாரிகள் தங்களுக்காகச் செய்துகொண்ட கார் என்று சொன்னேனே, இது அதன் நேர் பேரன். டிரைவர் வைத்து ஓட்டுவதற்காக எம்340ஐ வாங்குகிறவர், கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி ஆளை அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவர்.

எங்கே ஓட்டுவது?

சென்னை மாநகரத்துக்குள் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போக்குவரத்துப் போலீஸ் 2023 நவம்பரில் அறிவித்தது. இந்தக் காரின் உச்ச வேகம் 250. அதற்கு மேல் போகாமல் கம்பெனியே கடிவாளம் போட்டிருக்கிறது. 60-க்கும் 250-க்கும் நடுவில் இருக்கிற 190-ஐ என்ன செய்வது? ஈ.சி.ஆரில் ராத்திரி பதினொரு மணிக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. அந்த ரோட்டில் அதே நேரத்தில் மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிற ஒரு அம்மாவும், சைக்கிளில் பின் விளக்கு இல்லாமல் போகிற ஒரு பெரியவரும் இருக்கிறார்கள். 116 மீட்டர் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.

வேகம் வேண்டுமா? அதற்கென்றே இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இயங்குகிறது. நீளம் 3.7 கிலோமீட்டர். கோவை பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தய வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்தது. அங்கே மாடு வராது. எதிரே வண்டி வராது. தலையில் ஹெல்மெட், பக்கத்தில் ஆம்புலன்ஸ். ஒரு வளைவை எந்தப் புள்ளியில் தொட வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஆளும் கிடைப்பார்கள்.

பேலன்ஸ் ஷீட்

கடைசியில் பணம். அதற்குத்தானே பி.காம். படித்தோம்?

2021-ல் ஷோரூம் விலை 62 லட்சத்து 90 ஆயிரம். 2022 டிசம்பரில் 69 லட்சத்து 20 ஆயிரம். இது உள்ளூரில் பூட்டியதால் வந்த விலை. அந்த வருஷங்களில் 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை முழுசாகக் கப்பலில் இறக்கினால் சுங்கவரி மட்டும் நூறு சதவீதம். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி வெகுவாகக் குறையும். அதனால்தான் பரனூரில் ஆலை. சுற்றுவட்டாரக் கம்பெனிகளிடமிருந்தும் ஸீட், கதவுப் பலகை, ஒயரிங் என்று வாங்குகிறார்கள். உள்ளூர் பாகம் ஐம்பது சதவீதம் வரை உயர்ந்ததைக் காட்ட 2015-ல் சச்சின் டெண்டுல்கரையே ஆலைக்குக் கூட்டிவந்து ஒரு 5 சீரிஸ் காரைப் பூட்ட வைத்தார்கள். மட்டை பிடித்த கையில் ஸ்பானர்!

ஒரு பேச்சுக்கு விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது 14 லட்சம். வரிக்குக் கொடுக்கிற காசில் தெருவில் ஓடுகிற ஒரு நல்ல கார் வந்துவிடும். ஆக 84 லட்சம். இன்ஷூரன்ஸ் தனி.

அதில் 60 லட்சம் கடன். ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம். மாதத் தவணை சுமார் 96,500 ரூபாய். ஏழு வருஷத்தில் வட்டி மட்டும் 21 லட்சத்தைத் தாண்டுகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று போட்டால், தினம் 40 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர மாதம் 25 நாளுக்கு 12,500. சம்சாரத்திடம் இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள்.

"புதுசு எதற்கு? பத்து வருஷப் பழைய 3 சீரிஸ் புதுச் சின்னக் கார் விலைக்கே கிடைக்குதே மச்சி" என்று ஆபீஸில் ஒரு நண்பர் கட்டாயம் கிளப்பிவிடுவார். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு நிஜமான கண்ணி இதுதான். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காரின் விலை தேய்ந்து பத்து லட்சமாகலாம். உதிரிபாகத்தின் விலை தேயாது. பிரேக் டிஸ்க், ஸஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் அறுபது லட்ச ரூபாய் காருடைய விலையில்தான் வரும். வாங்குவது பத்து லட்சக் காராக இருக்கலாம். வைத்துக்கொள்வது அறுபது லட்சக் கார். யானையை யாராவது சும்மா கொடுத்தாலும் கரும்பு நாம்தானே வாங்கிப் போட வேண்டும்?

அப்படியும் ஆசை அடங்காவிட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். முதல் நாளிலிருந்து சர்வீஸ் செய்த ரிக்கார்டு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். அந்த மாடல் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, விலையில் கால் பங்குக்குச் சமமான தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வைத்துவிட்டு வாங்குங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால், அந்தக் காரும் உங்களுக்கு இல்லை.

நமக்கு என்ன லாபம்?

நீங்கள் வாங்கப்போவது ஆறு லட்ச ரூபாய் காராகவே இருக்கட்டும். குதிரை சக்தியைக் கேட்கும்போது எடையையும் கேளுங்கள். எத்தனை சுற்றில் முழு டார்க் வருகிறது என்று கேளுங்கள். டயர் அகலம் என்ன, பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கா என்று கேளுங்கள். பாட்டுப் பெட்டியில் எத்தனை ஸ்பீக்கர் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். டெஸ்ட் டிரைவில் நேர் ரோட்டில் மிதித்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மேடு பள்ளமான ஒரு வளைவில் திருப்பிப் பாருங்கள். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஒரு காரின் குணம் அந்த இரண்டு இடத்தில்தான் தெரியும்.

டிரைவரின் குணமும்தான். ஒருவர் நன்றாக ஓட்டுகிறாரா என்று ஸ்பீடாமீட்டரைக் கேட்காதீர்கள். பக்கத்து ஸீட்டைக் கேளுங்கள். ஆக்ஸிலேட்டரை நோகாமல் மிதித்து, பிரேக்கை முன்கூட்டியே தொட்டு, வளைவை ஒரே இழையாக எடுக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேகமே தெரியாது. முன்னால் 374 குதிரைகள் தயாராகக் காத்துக்கொண்டிருக்க, பக்கத்து ஸீட்டில் சம்சாரம் மதுராந்தகம் வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினால், ஸார், நீங்கள்தான் ஸ்போர்ட்ஸ் டிரைவர்!